களுபோவிலயா, காசு கட்டும் ஆஸ்பத்திரியா?

"காசு குடுத்தாத்தான் நல்லாப் பார்ப்பாங்க" என்று லயங்களில் பலர் சொல்லக் கேட்கிறோம். கொழும்பில் கடை வேலை செய்யும் மகன், சுகமில்லாத அம்மாவைத் தெஹிவளைக்குக் கூட்டி வருகிறான். களுபோவிலயில் அரசாங்கத்தின் கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை இருக்கிறது. காலி வீதிப் பக்கம் தனியார் சேனல் நிலையங்கள். எங்கே போவது?

பல வேளை இரண்டு இடத்திலும் ஒரே டொக்டர்தான்! அரசாங்க டொக்டர்மார் கடமை நேரம் முடிந்தபின் தனியாகப் பார்க்க 1977இல் அனுமதி கிடைத்தது. நாம் காசு கட்டுவது நேரத்துக்கும் ஆறுதலான பேச்சுக்கும். அது வீண் என்று சொல்ல மாட்டோம். வரிசையில் ஒரு நாள் நின்றால் ஒரு பேர் போகிறதே, அதுவும் செலவுதான். சின்ன வருத்தத்துக்கு சேனல் லாபமாகக்கூட இருக்கலாம்.

ஒபரேஷன் என்றால் கணக்கு வேறு. கட்டில், தியேட்டர், மருந்து எல்லாம் பில்லில் ஏறும். எந்த டெஸ்ட் தேவை என்று நமக்குத் தெரியாது, விற்கிறவருக்கே தெரியும். கடையில் பருப்புக்கு விலை பேசுவதுபோல் இங்கே பேச முடியுமா? தோடு, சங்கிலி அடகுக்குப் போவது இப்படித்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரி தருமம் அல்ல. 1951இல் அங்கே கட்டணத்தை நீக்கினார்கள். செலவு வரியிலிருந்து வருகிறது. சவர்க்காரம் வாங்கும்போது நாமும் அந்த வரியைக் கட்டுகிறோம். 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட்டபோது வருகிற கூட்டம் குறைந்துபோனது. வராமல் வீட்டில் கிடந்தவர்கள் யாராக இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தோட்டத்துக்கு இந்த இலவசம் பிந்தித்தான் வந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் நமது வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டது. துரை செலவைக் குறைத்தால் டிஸ்பென்சரி அலுமாரி காலி. 1990களில்தான் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்த வேலை இன்னும் முடியவில்லை.

குறையும் உண்டு. 2022 நெருக்கடியில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து தீர்ந்து, துண்டு எழுதி வெளியே வாங்கச் சொன்னார்கள். அப்படி எழுதித் தந்தால் முதலில் அரசாங்க ஒசுசலவில் விலை கேளுங்கள்.

கொழும்புக்கு பஸ் ஏறுமுன் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் கடிதம் வாங்குங்கள். கிளினிக் கொப்பி, பழைய எக்ஸ்ரே, டயக்னோசிஸ் கார்ட் எல்லாம் பையில் இருக்கட்டும். சேனலில் பார்த்து ஒபரேஷன் என்று சொன்னால், "டொக்டர், உங்கட கவர்மென்ட் வாட்டில செய்யலாமா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பலர் அங்கேயே துண்டு எழுதித் தருவார்கள்.