விலை தெரியாத பக்கம்: இணையப் பக்கத்துக்கு நாமே வடிவம் கொடுக்கப் பழகுவோம்



ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பு விற்கிற ஒரு குழுவின் அனுபவத்தில் இருந்து இந்த மாதப் பாடத்தைத் தொடங்குகிறோம். குழுவின் பெயர் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். வெளியாள் ஒருவரிடம் பணம் கொடுத்து, தங்கள் பருப்புக்கு ஒரு இணையப் பக்கம் செய்து வாங்கினார்கள். முழுப் பருப்பு, அரைப் பருப்பு, உடைசல் என்று படத்தோடு பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் போன் பண்ணினவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "விலையே போடலியேம்மா?" என்பதுதான்.

விலை போட்டிருந்தது. மஞ்சள் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்தில் போட்டிருந்தது! வீட்டுக்குள் கம்ப்யூட்டரில் செய்தவருக்கு அது அழகாகத் தெரிந்திருக்கும். பஸ் ஸ்டாண்டு வெயிலில் நின்றுகொண்டு போனில் பார்க்கிறவருக்கு வெறும் மஞ்சள் கட்டம்தான் தெரிந்தது. மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனியாகப் பணம் என்றார் செய்தவர். பக்கத்தின் கோப்பும் கடவுச்சொல்லும் அவர் கையில். தீர்மான நோட்டையும் பேங்க் பாஸ்புக்கையும் வெளியாளிடம் கொடுத்துவிட்டு நாம் சும்மா இருப்போமா? இதுவும் அப்படித்தான். முதலில் கோப்பையும் கடவுச்சொல்லையும் எழுதிக் கேட்டு வாங்கச் சொன்னோம். அதற்கே மூன்று வாரம் ஆனது. வாங்கிய பிறகு நிறத்தை மாற்ற ஆன நேரம் பத்து நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷ வேலையின் பெயர்தான் சி.எஸ்.எஸ்.

ஒரு இணையப் பக்கத்துக்கு ரெண்டு நோட்டு இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நோட்டில் விஷயம் மட்டும் இருக்கும்: தலைப்பு எது, பத்தி எது, படம் எது, விலை எது. இதை எச்.டி.எம்.எல். என்கிறார்கள். ரெண்டாவது நோட்டில் அவை எப்படித் தெரியணும் என்பது மட்டும் இருக்கும்: எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி. அதுதான் சி.எஸ்.எஸ்.

நம்ம ஊர்க் கதையாகவே சொல்கிறோம். பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்து அரியலூர் 2001-ல் தனி மாவட்டமானது, 2002-ல் திரும்பச் சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி தனியானது. முகவரியில் மாவட்டத்தின் பெயர் மாறினால் அது விஷயம் மாறுவது. முதல் நோட்டைத் தொடணும். "அந்த போர்டில் எழுத்து சின்னதா இருக்கு, பச்சை வேண்டாம் நீலம் அடிங்க" என்றால் அது தோற்றம். ரெண்டாவது நோட்டைத் தொட்டால் போதும். இருபது பக்கம் இருந்தாலும் எல்லாம் ஒரே சி.எஸ்.எஸ். கோப்பைப் பார்த்து நடப்பதால், ஒரு வரி மாற்றினால் இருபதும் மாறிவிடும். ஆண்டு விழாவுக்கு எல்லாரும் ஊதாச் சேலை என்று கூட்டத்தில் ஒரு தடவை முடிவு பண்ணினால் போதும்தானே? வீடு வீடாகப் போய்ச் சொல்வதில்லையே.

இந்த யோசனையை 1994 அக்டோபர் 10-ஆம் தேதி முன்வைத்தவர் ஹோகுன் வியும் லீ என்ற நார்வே நாட்டுக்காரர். பெர்ட் போஸ் என்பவரும் சேர்ந்து உழைத்து, 1996 டிசம்பரில் அது உலகப் பொது விதியாக வெளிவந்தது. அதற்கு முன்னால் நிறம், அளவு எல்லாவற்றையும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு இடத்திலும் விஷயத்தோடு கலந்தே எழுத வேண்டியிருந்தது. தமிழுக்கு இன்னொரு தலைவலியும் அப்போது இருந்தது. ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கி வைத்துக்கொள்ளாதவர்களுக்குப் பக்கம் முழுக்கப் புரியாத குறிகள்தான் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் பொது முறை பேசப்பட்டது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. இன்றைக்கு நம் போனில் தமிழ் தானாகவே தெரிவது யூனிகோடால்தான்.

சரி, வேலைக்கு வருவோம். கம்ப்யூட்டரில் நோட்பேட் போதும், வேறு எதுவும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். கீழே சொற்களை உச்சரிப்பாக எழுதியிருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்கணும். எழுத்துக்கூட்டல் பயிற்சித் தாளில் இருக்கிறது. ஒரு விதி இப்படி இருக்கும்:

.விலை { கலர்: பிளாக்; பேக்கிரவுண்ட்-கலர்: ஒயிட்; ஃபான்ட்-சைஸ்: 1.25ரெம்; }

முதலில் இருப்பது, யாருக்கு இந்த விதி என்பது. முன்னால் ஒரு புள்ளி வைத்தால், முதல் நோட்டில் 'விலை' என்று கிளாஸ் பெயர் கொடுத்த இடங்களுக்கெல்லாம் என்று அர்த்தம். இந்தப் பெயரை மட்டும் தமிழிலேயே வைக்கலாம், கணினி ஏற்றுக்கொள்ளும். எங்கள் பயிற்சியில் எல்லாரும் சந்தோஷப்பட்ட இடம் இதுதான். நெளிவு அடைப்புக்குறிக்குள், எதை மாற்றணுமோ அந்தச் சொல், பிறகு முக்காற்புள்ளி, பிறகு எப்படி இருக்கணும் என்பது, கடைசியில் அரைப்புள்ளி. நடுவில் அரைப்புள்ளியை விட்டுவிட்டால் அந்த வரியும் அடுத்த வரியும் சேர்ந்து வேலை செய்யாமல் போகும். கணினி திட்டாது, சும்மா இருந்துவிடும். அதனால் மாற்றம் தெரியவில்லை என்றால் முதலில் அரைப்புள்ளியைத் தேடுங்கள். அப்புறம் முதல் நோட்டில் சி.எஸ்.எஸ். கோப்பின் பெயரைச் சொல்லும் லிங்க் வரி இருக்கிறதா என்று பாருங்கள். ரெண்டும் சரியாக இருந்தால் பக்கத்தை ரெஃப்ரெஷ் பண்ணுங்கள். போன் பழைய கோப்பையே ஞாபகம் வைத்துக் காட்டும் வழக்கம் உண்டு. கோப்பைச் சேமிக்கும்போது யு.டி.எஃப்.-8 என்று இருக்கணும். இல்லாவிட்டால் தமிழ் கேள்விக்குறியாகிவிடும்.

நிறம் தேர்ந்தெடுப்பதில் ஆசை அதிகம் வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கு அது 4.5-க்கு 1 ஆவது இருக்கணும் என்பது உலக அளவிலான அணுகல் விதி. வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1. பளிச் மஞ்சளில் வெள்ளை 1.07-க்கு 1 தான் வரும், கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கணக்கு போட முடியாவிட்டால் போனை எடுத்துக்கொண்டு களத்து மேட்டுக்குப் போய் நின்று பாருங்கள். அதைவிட நல்ல சோதனை எங்களுக்குத் தெரியாது.

புத்தகங்களிலும் பாடங்களிலும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே சொல்லிக்கொடுப்பார்கள். அதை அப்படியே நம் தமிழுக்குப் போட்டால் சரிவராது. தமிழில் மேலே சுழியும் கீழே வளைவும் இருக்கிற எழுத்து நிறைய: 'ளி', 'மூ', 'ழு' எழுதிப் பாருங்கள். வரிக்கு வரி இடம் குறைவாக இருந்தால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் கொம்பும் முட்டிக்கொள்ளும். லைன்-ஹைட் என்பதை 1.6 முதல் 1.8 வரை வையுங்கள். எழுத்துக்கு நடுவில் இடம் விடும் லெட்டர்-ஸ்பேசிங் வேண்டவே வேண்டாம், 'முந்திரி' உடைசல் ஆகிவிடும். சாய்வெழுத்தும் நமக்குப் பொருந்தாது. முக்கியமானதைத் தடித்த எழுத்தாக்கினால் போதும். ரெண்டு ஓரமும் சமமாக நிற்கும்படி ஜஸ்டிஃபை செய்தால், தமிழ்ச் சொல் நீளம் என்பதால் போனின் குறுகிய திரையில் வரிக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வரும். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும்.

எழுத்துருவைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் எழுதாமல் மூன்று நான்கை வரிசையாக எழுதுவோம். ஊக்குநர் வராவிட்டால் பிரதிநிதி கூட்டம் நடத்துவதில்லையா, அதே ஏற்பாடு. நோட்டோ சான்ஸ் தமிழ், அது இல்லாவிட்டால் விண்டோஸில் உள்ள நிர்மலா, அதுவும் இல்லாவிட்டால் பழைய லதா, எதுவும் இல்லாவிட்டால் சான்ஸ்-செரிஃப் என்று முடித்தால் போன் தன்னிடம் உள்ளதைப் போட்டுக்கொள்ளும்.

இடைவெளியில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். பருப்புப் பாக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்புதான் விஷயம். பருப்புக்கும் கவருக்கும் நடுவில் உள்ள காலியிடம் பேடிங். கவர் என்பது பார்டர். அட்டைப்பெட்டியில் ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்த பாக்கெட்டுக்கும் நடுவில் விடும் இடம் மார்ஜின். எழுத்து கட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தால் பேடிங் கூட்டணும். ரெண்டு கட்டம் ஒன்றையொன்று இடித்தால் மார்ஜின் கூட்டணும். செட்டிகுளம் பக்கத்துக் குழு ஒன்று சின்ன வெங்காயத்துக்குச் செய்த பக்கத்தில் மார்ஜினை ஏற்றிக்கொண்டே போய், எழுத்து இன்னும் கோட்டில் ஒட்டியிருக்கிறதே என்று ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் கூடத்தான் உட்கார்ந்திருந்தோம்.

இன்னொன்று. எழுத்தளவு எல்லாம் சரியாக எழுதியும் போனில் மட்டும் எறும்பு போலத் தெரிந்தால் சி.எஸ்.எஸ். மேல் குற்றமில்லை. முதல் நோட்டின் தலைப்பகுதியில் வியூபோர்ட் என்ற வரி இருக்கணும். அது இல்லாவிட்டால் போன், கம்ப்யூட்டருக்கான அகலத்தில் பக்கத்தை எடுத்துச் சுருக்கிக் காட்டும்.

ஆண்டிமடம் குழுவில் இந்த வேலையைச் செய்தது பிரதிநிதியும் பிளஸ் டூ முடித்த அவருடைய மகளும். அசல் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் தொட்டார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வெள்ளையில் கறுப்பு, அளவு 1.25, வரி இடைவெளி 1.7. வாசலில் நின்று போனைக் குழுவின் மூத்த உறுப்பினர் கையில் கொடுத்தார்கள். அந்த அம்மா கண்ணாடியைப் போடாமலே முழுப் பருப்பு விலையையும் அரைப் பருப்பு விலையையும் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, கால் கிலோவுக்கு விலை போடலியே?" என்றார்.

அது உண்மைதான், போடவில்லை. அது முதல் நோட்டு வேலை. பிரதிநிதியின் மகள் அன்றைக்கே அதைச் சேர்த்துவிட்டாள்.