‘சே’ என்று முடியும் வினைகள்

கேள்வி: சிப்காட் ஆலையில் வேலை முடிந்து, மாலையில் ஸ்பானிய மொழி படிக்கிறேன். ‘சே’ என முடியும் வினைகளை எப்படி மாற்றிச் சொல்வது?
— வாசகர், பிள்ளைப்பாக்கம்

பதில்: ‘வெட்டினான்’, ‘வெட்டிக்கொண்டான்’ வித்தியாசம் உங்களுக்குத் தெரியும், பாதிப் பாடம் முடிந்தது. லவார் என்றால் கழுவு, லவார்சே, கழுவிக்கொள். நம் ‘கொள்’ வினைக்குப் பின்னால் நிற்கும். ‘சே’யோ ஆளுக்கேற்ப உருமாறி வினைக்கு முன்னால் போய்விடும்: மே லாவோ (நான்), தே லாவாஸ் (நீ), சே லாவா (அவர்), நோஸ் லவாமோஸ் (நாம்), சே லாவான் (அவர்கள்). ஸ்பெயினில் ‘நீங்கள் எல்லாரும்’ என்பதற்கு ஓஸ் லவாய்ஸ். மெக்ஸிகோவில் அதற்கும் சே லாவான்தான். வினையின் ஈறுகள் வழக்கமான ‘ஆர்’ வினைக்குரியவையே, பயப்படாதீர்கள். ‘கை கழுவிக்கொள்கிறேன்’ என்பதற்கு மே லாவோ லாஸ் மானோஸ். ‘என்’ தேவையில்லை, ‘மே’ போதும். இன்னொரு வினையோடு சேர்ந்தால் பின்னாலேயே ஒட்டலாம்: கியேரோ லவார்மே, கழுவிக்கொள்ள விரும்புகிறேன்.