முதிர்ந்த மகிழுந்தும் பழுதாய்வும்

நுழையும்முன்

உப்பு வணிகர் தம் வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்றனர். அதனைச் 'சேமஅச்சு' என்று சுட்டுகிறது புறநானூற்றின் 102ஆம் பாடல். மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் எந்த உறுப்பு தளரும் என்பதை அறிந்தோரின் முன்னெச்சரிக்கை அது. இன்று நம் தெருக்களில் ஓடும் மகிழுந்துகளுக்கும் அத்தகைய அறிவு தேவைப்படுகிறது. ஓசையையும் அசைவையும் கொண்டு பழுதின் இடத்தைக் கண்டறியும் முறையை இவ்வுரைநடை விளக்குகிறது.

சென்னைச் சாலைகளில் முதிரும் வண்டிகள்

மயிலாப்பூர் மாட வீதிகளில் வண்டியை நிறுத்த இடம் தேடுவோர், மகிழுந்து நின்ற நிலையிலேயே ஸ்டீயரிங்கை முழுமையாகத் திருப்புகின்றனர். அப்போது முன்சக்கர மூட்டுகள் மிகுந்த சுமையை ஏற்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னர்த் தியாகராய நகரின் தெருக்களில் நீர் தேங்குகிறது. பள்ளத்தின் ஆழம் தெரியாமல் சக்கரம் இறங்குகிறது. கோடை வெப்பம் இரப்பர் உறைகளை இறுகச் செய்து வெடிக்க வைக்கிறது. அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதிகளில் கடலின் உப்புக்காற்று இரும்பை அரிக்கிறது. இவ்வாறு ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு மகிழுந்தின் மூட்டுகள் மெல்லத் தேய்கின்றன.

தேய்மானம் ஒரே நாளில் நிகழ்வதில்லை. ஆகவே ஓட்டுநர் அதனை உணர்வதும் அரிது. ஸ்டீயரிங்கில் சிறிது தளர்ச்சி தோன்றினால், கை தானாகவே சற்றுக் கூடுதலாகத் திருப்பிச் சரிசெய்துகொள்கிறது. உஸ்மான் சாலையின் நெரிசலில் வண்டி ஊர்ந்து செல்லும்போது இக்குறை வெளிப்படாது. அதே வண்டி திருவான்மியூரைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அப்போது அது ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. குறுக்கே வருபவரைக் கண்டு ஸ்டீயரிங்கைத் திருப்பியும் சக்கரம் திரும்ப அரை நொடி தாமதமானால், அதற்குள் வண்டி 11 மீட்டர் சென்றுவிடும். நகருக்குள் சிறு தொல்லையாக இருந்தது, நெடுஞ்சாலையில் உயிருக்கு இடராகிறது.

இரண்டு அமைப்புகள்

பழுதை அறிய, முதலில் உறுப்புகளின் தொடர்ச்சியை அறிதல் வேண்டும். ஓட்டுநரின் கையிலுள்ள ஸ்டீயரிங் சக்கரம் ஒரு நீண்ட தண்டைச் சுழற்றுகிறது. அத்தண்டின் கீழ்முனையில் உள்ள சிறிய பற்சக்கரம், பற்கள் வெட்டப்பட்ட சட்டம் ஒன்றை இடமும் வலமும் நகர்த்துகிறது. சட்டத்தின் இரு முனைகளிலும் டை ராடு எனப்படும் இணைப்புத் தண்டுகள் உள்ளன. அவற்றின் நுனியிலுள்ள பந்து மூட்டுகளே சக்கரங்களைத் திருப்புகின்றன. இப்பாதையில் உள்ள ஒவ்வோர் இணைப்பும் தேயக்கூடியது. ஒவ்வொன்றிலும் மயிரிழை அளவு தளர்ச்சி ஏற்பட்டாலும், அவை அனைத்தும் ஒன்றுகூடி ஓட்டுநரின் கையில் பெருந்தளர்ச்சியாக வெளிப்படும்.

மற்றோர் அமைப்பு சஸ்பென்ஷன் எனப்படும் தாங்கமைப்பு. இதில் சுருள்வில் வண்டியின் எடையைத் தாங்குகிறது. அம்பாசிடர் போன்ற பழைய வண்டிகளின் பின்பக்கத்தில் சுருள்வில்லுக்கு மாற்றாக அடுக்கடுக்கான பட்டைகள் இருந்தன. வில் எதுவாயினும், அழுத்தி விட்டால் அது மேலும் கீழும் ஆடிக்கொண்டேயிருக்கும். அவ்வாட்டத்தை அடக்குவது எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பரின் பணி. சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கைகளின் முனைகளில் புஷ் எனப்படும் இரப்பர் உருளைகளும் பந்து மூட்டும் அமைந்துள்ளன. தாங்கமைப்பு தளர்ந்தால் சக்கரம் நிற்க வேண்டிய கோணம் மாறும். அதனால் ஸ்டீயரிங் பழுதற்றிருந்தாலும் வண்டி அலைபாயும்.

சென்னையில் உருவான ஹெரால்டு

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் மகிழுந்துகளை உருவாக்கியது. 1961 முதல் அங்கிருந்து வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு என்னும் மகிழுந்தின் இந்திய வடிவமாகும். மிகக் குறுகிய வட்டத்தில் திரும்பும் ஆற்றல் அதன் தனிச்சிறப்பு. சென்னையின் குறுந்தெருக்களுக்கு அது பொருத்தமாக அமைந்தது.

அம்மகிழுந்தின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் தண்டின் கீழ்முனையில் திருகுமரை வெட்டப்பட்டிருந்தது. அம்முனை டிரன்னியன் எனப்படும் வெண்கல உறுப்பினுள் திருகிப் பொருத்தப்பட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரையோடு மரை உரசிச் சுழலும். எனவே அதற்குள் கெட்டியான கியர் எண்ணெயைக் குறித்த காலத்தில் செலுத்த வேண்டும் என்பது விதி. பிற மூட்டுகளுக்கு இடும் கிரீசையே அதற்கும் இட்டவர்கள் உண்டு. கிரீசு மரைகளின் இடுக்கில் எண்ணெயைப் போலப் பரவுவதில்லை. நாளடைவில் இறுகியும் போகும். உள்ளே நீர் புகும், துரு பிடிக்கும், மரை தேயும். முதலில் ஸ்டீயரிங் திருப்புவதற்குக் கடினமாகும். அவ்வறிகுறியைப் புறக்கணித்தால் ஒருநாள் தண்டு மரைப்பகுதியில் முறியும். சக்கரம் மடிந்து வண்டி தரையில் அமரும்.

ஒரு சிறு கரண்டி எண்ணெய் தடுத்திருக்கக்கூடிய முறிவு அது. தளர்ச்சி மட்டுமே பழுதின் அறிகுறி என்று எண்ணுதல் கூடாது. இயல்புக்கு மாறான இறுக்கமும் அறிகுறியே என்பதை ஹெரால்டு நமக்குக் கற்பிக்கிறது.

பின்னர் வந்த மகிழுந்துகளில் அடைக்கப்பட்ட பந்து மூட்டுகள் அவ்விடத்தைப் பெற்றன. இவற்றுக்கு எண்ணெய் இட வேண்டியதில்லை. ஆயினும் மேலுள்ள இரப்பர் உறை கிழிந்தால் மணலும் நீரும் புகுந்து மூட்டை அழித்துவிடும். இத்தகைய உறுப்புகளை உருவாக்கும் நகரங்களுள் சென்னையும் ஒன்று. 1929இல் தோன்றி, கதீட்ரல் சாலையைத் தலைமையிடமாகக் கொண்ட ரானே குழுமம், ஸ்டீயரிங் அமைப்புகளையும் பந்து மூட்டுகளையும் உருவாக்கி வருகிறது.

அறிகுறியும் காரணமும்

நோயையும் நோயின் காரணத்தையும் அதனைத் தீர்க்கும் வழியையும் வரிசையாக ஆராயச் சொல்கிறது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம். கைதேர்ந்த மெக்கானிக்கின் முறையும் அதுவே. ஒத்த தோற்றமுடைய அறிகுறிகளுக்கு வெவ்வேறு காரணங்கள் இருத்தல் கூடும்.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் முதலில் பார்க்க வேண்டியது டயரின் காற்றழுத்தம். இரு பக்கமும் சமமாக இருந்தும் இழுத்தால் மட்டுமே பிறவற்றை ஆராய வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால், பெரும்பாலும் சக்கரத்தின் எடைச்சமநிலை பிறழ்ந்திருக்கும். பிரேக் அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் தட்டு சீரற்றுத் தேய்ந்திருக்கலாம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'டக்' என்னும் ஓசை எழுந்தால் புஷ்களையும் இணைப்புகளையும் ஐயுற வேண்டும். பள்ளத்தைக் கடந்த பின்னும் வண்டி ஊஞ்சல்போல் ஆடினால் ஷாக் அப்சார்பர் வலுவிழந்துள்ளது. அதன் உடலில் எண்ணெய்க் கசிவும், டயரின் மேற்பரப்பில் மேடுபள்ளமான தேய்வும் இதனை உறுதிப்படுத்தும்.

மூன்று சோதனைகள்

முதற் சோதனை தளர்ச்சியை அளப்பது. முன்சக்கரங்கள் நேராக இருக்குமாறு வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பி, டயர் அசையத் தொடங்கும்வரை அது எவ்வளவு சும்மா சுழல்கிறது என்று நோக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் எஞ்சின் இயங்கும் நிலையில் இதனைச் செய்ய வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 98ஆம் விதி, இத்தளர்ச்சி 30 பாகையை மிஞ்சுதல் கூடாது என்கிறது. கடிகார முகத்தில் அடுத்தடுத்த இரு மணிகளுக்கு இடைப்பட்ட அளவே 30 பாகை. இது சட்டம் பொறுத்துக்கொள்ளும் மேல் எல்லை. நன்னிலையில் உள்ள வண்டியில் தளர்ச்சி இதனினும் மிகக் குறைவாகவே இருக்கும்.

இரண்டாம் சோதனை தளர்ச்சியின் இடத்தைக் காண்பது. ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிது இடமும் வலமும் அசைக்க, மற்றொருவர் தண்டு முதல் சக்கரம் வரை ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஓர் இணைப்பின் ஒரு பக்கத்தில் அசைவு இருந்து, மறுபக்கத்தில் அது தாமதமாகவோ குறைவாகவோ வெளிப்பட்டால் பழுது அங்கேயே உள்ளது.

மூன்றாம் சோதனை சக்கரத்தை உயர்த்திச் செய்வது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அருகில் பணியாற்றுதல் கூடாது. உறுதியான தாங்கிகளை வைத்து, தரையிலுள்ள சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தல் வேண்டும். உயர்ந்து நிற்கும் சக்கரத்தை 3 மணி, 9 மணி நிலைகளில் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு மூட்டுகளில் தேய்மானம் இருக்கலாம். 12 மணி, 6 மணி நிலைகளில் ஆட்டம் தெரிந்தால் சக்கரப் பேரிங்கோ தாங்கமைப்பின் பந்து மூட்டோ தேய்ந்திருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. உள்ளே ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் அசைத்தால் போதும். பிரேக், சுழலும் சக்கரத்தை அதனைத் தாங்கும் உறுப்போடு இறுகப் பிடிக்கிறது. அப்போது ஆட்டம் மறைந்தால் குறை பேரிங்கில் உள்ளது. மறையாவிட்டால் பந்து மூட்டில் உள்ளது. மாணவர்கள் இச்சோதனையைப் பயிற்சி பெற்றவர் துணையோடு காண்பதே முறை.

வரிசை தவறிய பழுதுநீக்கம்

தளர்ச்சியைக் கண்டதும் ஸ்டீயரிங் பெட்டியிலுள்ள திருகை இறுக்கிவிடும் வழக்கம் உண்டு. இது நோயை மறைப்பது. வண்டி பெரும்பாலும் நேராகவே செல்வதால் பற்சட்டத்தின் நடுப்பகுதியே மிகுதியாகத் தேய்கிறது. நடுப்பகுதிக்கு ஏற்ப இறுக்கினால், தேயாத ஓரப்பகுதிகளில் ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும். திருப்பத்திற்குப் பின் தானாக நேர்நிலைக்கு மீளாது. தளர்ச்சியைக் காட்டிலும் இது கொடிது.

தேய்ந்த மூட்டுகளை மாற்றாமல் வீல் அலைன்மெண்ட் செய்வதும் வீண்செலவே. ஆடும் மூட்டில் எவ்வளவு நுணுக்கமாகக் கோணத்தை அமைத்தாலும் அடுத்த பள்ளத்தில் அது மாறிவிடும். எனவே டயரும் காற்றும் முதலில், மூட்டுகளும் புஷ்களும் அடுத்து, அலைன்மெண்ட் இறுதியில் என்னும் வரிசையைக் கடைப்பிடித்தல் வேண்டும். புதுப்பேட்டைக் கடைகளில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய உறுப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. கதவும் கண்ணாடியும் அவ்வாறு வாங்கலாம். உள்ளே தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாத பந்து மூட்டை அவ்வாறு வாங்குதல் தகாது.

தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் புதுப்பிக்கப்பட வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஆய்வு சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே நிகழ்கிறது. சாலையோ நாள்தோறும் வண்டியைத் தேய்க்கிறது. வண்டியில் அமர்ந்திருப்போர் மட்டுமன்றி, நடைபாதையில் செல்வோரும் அந்தச் சிறு மூட்டின் உறுதியை நம்பியே நடக்கின்றனர். ஓசையைக் கேட்டவுடன் காரணத்தைத் தேடுவது, முகமறியா அம்மனிதர்க்கு ஓட்டுநர் ஆற்றும் கடமையாகும்.

தெரியுமா?

வளைவில் திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதலான கோணத்தில் திரும்ப வேண்டும். இதற்கான அமைப்பை ஜெர்மனியின் மூனிக் நகரைச் சேர்ந்த வண்டி செய்பவர் கியார்க் லாங்கென்ஸ்பெர்கர் உருவாக்கினார். அவருக்காக இங்கிலாந்தில் 1818இல் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் அக்கர்மன். மகிழுந்துகள் தோன்றும் முன்பே குதிரை வண்டிகளுக்காக எண்ணப்பட்ட இவ்வமைப்பு, இன்றும் 'அக்கர்மன் அமைப்பு' என்றே வழங்குகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியிலுள்ள மகிழுந்துப் பணிமனைக்குச் சென்று, அங்குள்ளோர் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்து, அவற்றுக்கு ஏற்ற தமிழ்க் கலைச்சொற்களைப் பரிந்துரைக்க.
2. மிதிவண்டியின் கைப்பிடித் தளர்ச்சிக்கான காரணத்தை இப்பாடத்தின் முறைப்படி ஆராய்ந்து வகுப்பில் கூறுக.

பாடநூல் வினாக்கள்

குறுவினா
1. சேமஅச்சு என்றால் என்ன?
2. ஷாக் அப்சார்பரின் பணியைக் குறிப்பிடுக.

சிறுவினா
1. சக்கரப் பேரிங்கின் குறையையும் பந்து மூட்டின் குறையையும் பிரித்தறியும் வழியை விளக்குக.
2. ஸ்டீயரிங் திருகை இறுக்குதல் ஏன் தீர்வாகாது?

நெடுவினா
1. 'இறுக்கமும் பழுதின் அறிகுறியே' என்பதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தின் வழி நிறுவுக.