மெர்ஜ் செய்யும் முன்: கிட்டில் போட்டுவைக்க வேண்டிய அமைப்புகள்

ஒரே ஃபைலை இரண்டு பேர் திருத்தினால் என்றாவது ஒருநாள் மோதல் வரும். அது இயல்பு. ஆனால் ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய வரிகள், மெர்ஜ் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. கிட்டில் இதற்கான காவல் ஏற்பாடுகள் நிறைய உண்டு. பலவற்றை நாம்தான் போட்டுவைக்க வேண்டும். எங்கள் டீமில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பவற்றை இங்கே தருகிறேன். கட்டளைகளின் ஒலிப்பு மட்டுமே தமிழில் இருக்கிறது. தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. வேறு எதைச் செய்யாவிட்டாலும் ‘மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல்’ என்ற அமைப்பை ‘இசட்டிஃப்3’ என்று மாற்றிவிடுங்கள். வழக்கமாக மோதல் வந்தால் கிட் இரண்டு பக்கங்களை மட்டும் காட்டும்: மேலே நம்முடையது, கீழே எதிர் பிராஞ்சில் உள்ளது. இருவரும் தொடுவதற்கு முன் அந்த வரி எப்படி இருந்தது என்று காட்டாது. உதாரணமாக, மேலே ‘கட்டணம் = எடை * 45’ என்றும், கீழே ‘கட்டணம் = ரவுண்ட்(எடை * 40)’ என்றும் இருக்கிறது. பார்க்கிறவர் 45-ஆ 40-ஆ என்று குழம்பி, ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவார். அமைப்பை மாற்றிய பிறகு, நடுவில் ||||||| என்ற குறிக்குக் கீழே பழைய வரியும் வரும்: ‘கட்டணம் = எடை * 40’. இப்போது பார்த்தவுடனே புரிகிறது. நாம் 40-ஐ 45 ஆக்கியிருக்கிறோம். அவர் விலையைத் தொடவே இல்லை, ரவுண்ட் மட்டும் சேர்த்திருக்கிறார். எழுத வேண்டியது ‘ரவுண்ட்(எடை * 45)’. அந்த வரி இரண்டு பக்கத்திலுமே இல்லை! கிட் 2.35 பதிப்பில், 2022 ஜனவரியில், இந்த வசதி வந்தது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் ‘டிஃப்3’ என்று போடலாம்.

2. ‘புல்.எஃப்எஃப்’ அமைப்பை ‘ஒன்லி’ என்று வையுங்கள். சர்வரில் உள்ள பிராஞ்சும் உங்கள் மெஷினில் உள்ளதும் ஆளுக்கொரு திசையில் போயிருந்தால், புல் செய்யும்போது கிட் அங்கேயே நின்றுவிடும். மெர்ஜா, ரீபேஸா என்று நீங்கள் தீர்மானித்த பிறகே நகரும். காலையில் காபிக்கு முன் பழக்கதோஷத்தில் அடித்த ஒரு புல், யாருக்கும் தேவையில்லாத மெர்ஜ் கமிட்டாக வரலாற்றில் உட்கார்ந்துகொள்ளாது.

3. மெயின் பிராஞ்சுக்கு மட்டும் ‘பிராஞ்ச்.மெயின்.மெர்ஜ்ஆப்ஷன்ஸ்’ என்பதில் ‘--நோ-எஃப்எஃப்’ என்று போடுங்கள். ஒரு வசதிக்காக எழுதிய பத்துப் பன்னிரண்டு கமிட்டுகள் ஒரே மெர்ஜ் கமிட்டின் கீழ் சேர்ந்து நிற்கும். பிறகு அந்த வசதியில் கோளாறு என்று தெரிந்தால் ‘கிட் ரிவர்ட் -எம் 1’ என்று அந்த ஒரு கமிட்டை மட்டும் திருப்பினால் போதும். ஒன்றை நினைவில் வையுங்கள்: இப்படித் திருப்பிய பிராஞ்சைச் சரிசெய்து மறுபடி மெர்ஜ் செய்தால் புதிய கமிட்டுகள் மட்டும்தான் வரும், பழையவை வராது. அவை முன்பே சேர்ந்தாகிவிட்டன என்பது கிட்டின் கணக்கு. அந்த ரிவர்ட் கமிட்டை முதலில் ரிவர்ட் செய்துவிட்டுத்தான் மெர்ஜ் செய்ய வேண்டும்.

4. நீண்ட நாள் ஓடும் பிராஞ்ச் வைத்திருப்பவர்கள் ‘ரீரீரீ.எனேபிள்ட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்குங்கள். பதிவுசெய்த தீர்வை மறுபடி பயன்படுத்து என்று பொருள். இன்று நீங்கள் ஒரு மோதலை எப்படித் தீர்த்தீர்கள் என்பதை கிட் குறித்துக்கொள்ளும். அடுத்த வாரம் ரீபேஸ் செய்யும்போது அதே மோதல் வந்தால், அதே தீர்வைத் தானாகப் போட்டுத் தரும். தீர்த்தவற்றை 60 நாளும், தீர்க்காமல் விட்டவற்றை 15 நாளும் வைத்திருக்கும். ஆனால் தவறாகத் தீர்த்ததையும் இதே விசுவாசத்தோடு திருப்பிப் போடும். ஆகவே ‘ரீரீரீ.ஆட்டோஅப்டேட்’ வேண்டாம், ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துவிட்டுச் சேருங்கள். தவறு என்று தெரிந்தால் ‘கிட் ரீரீரீ ஃபர்கெட்’ என்று ஃபைலின் பெயரைக் கொடுத்தால் மறந்துவிடும்.

5. மாற்றங்களைப் பட்டியல் போடும் சேஞ்ச்லாக் ஃபைலுக்கு, ‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’ ஃபைலில் ‘மெர்ஜ்=யூனியன்’ என்று எழுதுங்கள். இரு பக்க வரிகளையும் கிட் அப்படியே வைத்துக்கொள்ளும், மோதல் என்று நிறுத்தாது. எல்லோரும் ஒரே இடத்தில் வரி சேர்க்கும் ஃபைலுக்கு இது அருமையான ஏற்பாடு. வேறு எதற்கும் போட்டுவிடாதீர்கள். முன்பு நான் இருந்த ஒரு டீமில், திரையில் வரும் வாசகங்களை வைத்திருந்த ஜேசன் ஃபைலுக்கும் யாரோ இதைப் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் ஒரே பட்டனின் வாசகத்தை மாற்றியபோது இரண்டு வரிகளும் உள்ளே வந்துவிட்டன. ஒரே பெயர், இரண்டு மதிப்பு. புரோகிராம் கடைசியில் இருந்ததை எடுத்துக்கொண்டது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

6. ‘இந்த ஃபைலில் எப்போதும் நம்முடையதே இருக்கட்டும்’ என்று ‘மெர்ஜ்=அவர்ஸ்’ எழுதுகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, அந்தப் பெயரில் டிரைவர் எதுவும் கிட்டோடு வருவதில்லை. ‘மெர்ஜ்.அவர்ஸ்.டிரைவர்’ என்பதில் ‘ட்ரூ’ என்று ஒவ்வொருவரும் தங்கள் மெஷினில் போட வேண்டும். ஆட்ரிபியூட்ஸ் ஃபைல் ரெப்போவோடு எல்லோருக்கும் போகும், கான்ஃபிக் போகாது. இரண்டாவதைப் பலர் அறிவதில்லை: இரு பக்கமும் மாறியிருந்தால்தான் இந்த டிரைவரை கிட் கூப்பிடும். எதிர் பிராஞ்சில் மட்டும் அந்த ஃபைல் மாறியிருந்தால், அந்த மாற்றம் நேராக உள்ளே வந்துவிடும். சர்வர் முகவரி உள்ள ஃபைலைக் காக்க இதை நம்பாதீர்கள். அதை ரெப்போவுக்கு வெளியே வைப்பதே பாதுகாப்பு.

7. ‘-எக்ஸ் அவர்ஸ்’ வேறு, ‘-எஸ் அவர்ஸ்’ வேறு. முன்னது மோதும் இடங்களில் மட்டும் நம் பக்கத்தை எடுக்கும். பின்னது எதிர் பிராஞ்சில் நடந்த எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டு, மெர்ஜ் ஆனதாகப் பதிவு மட்டும் செய்யும். ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

8. பேக்கேஜ்-லாக் ஃபைலில் மோதல் வந்தால் வரிவரியாகச் சரிசெய்து நேரத்தை வீணாக்காதீர்கள். பேக்கேஜ் ஃபைலை மட்டும் கையால் சரிசெய்துவிட்டு ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கொடுங்கள், லாக் தானாக ஒழுங்காகிவிடும்.

9. டீமில் சிலர் விண்டோஸ், சிலர் லினக்ஸ் என்றால் ‘மெர்ஜ்.ரீநார்மலைஸ்’ ஐ ‘ட்ரூ’ ஆக்குங்கள். வரி முடிவுக் குறிகள் மட்டும் வேறுபட்டதால் ஃபைல் முழுக்க மோதலாகத் தெரிவது குறையும்.

10. மெர்ஜ்டூல் பயன்படுத்தினால் ‘.ஓரிஜ்’ என்று முடியும் ஃபைல்கள் சேர்ந்துகொண்டே போகும். ‘மெர்ஜ்டூல்.கீப்பேக்கப்’ ஐ ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் சேராது.

11. மெர்ஜ் தொடங்கும் முன் கையில் உள்ளதைக் கமிட் செய்துவிடுங்கள். அப்போதுதான் பாதியில் குழம்பினால் ‘கிட் மெர்ஜ் --அபார்ட்’ கொடுத்துச் சேதமில்லாமல் பழைய இடத்துக்கே திரும்ப முடியும். மோதல்களைத் தீர்த்த பின், ‘கிட் ஆட்’ செய்யும் முன் ‘கிட் டிஃப் --செக்’ கொடுங்கள். அழிக்க மறந்த <<<<<<< குறிகளைப் பிடித்துக்கொடுக்கும்.

12. ஒரே கட்டளை உங்கள் மெஷினில் ஒரு விதமாகவும் பக்கத்து நாற்காலியில் வேறு விதமாகவும் நடந்தால், ‘கிட் கான்ஃபிக் --ஷோ-ஆரிஜின் --லிஸ்ட்’ கொடுத்துப் பாருங்கள். எந்த அமைப்பு எந்த ஃபைலிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். ரெப்போவுக்குள் போட்டது குளோபலில் போட்டதை மேவும்.

13. மோதல் வரவில்லை என்பதால் மெர்ஜ் சரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் தன் பிராஞ்சில் ‘பில்போடு’ என்ற ஃபங்ஷனுக்கு ‘பில்தயார்’ என்று பெயர் மாற்றி, அதை அழைக்கும் இடங்களையெல்லாம் திருத்துகிறார். அதே நாளில் இன்னொருவர் வேறு ஃபைலில் பழைய பெயரிலேயே அதைப் புதிதாக அழைக்கிறார். இருவரும் தொட்ட வரிகள் வேறு வேறு, ஆகவே கிட் மறுபேச்சில்லாமல் சேர்த்துவிடும். புரோகிராம் ஓடாது. கிட் வரிகளை ஒப்பிடுமே தவிர, அவற்றின் பொருள் அதற்குத் தெரியாது. அதனால் மெர்ஜ் முடிந்ததும் டெஸ்ட் எல்லாவற்றையும் ஓட்டிவிட்டுத்தான் புஷ் செய்யுங்கள். அவர் ஏன் அப்படி மாற்றினார் என்பது கோடைப் பார்த்துப் புரியாவிட்டால், அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள். திரையைப் பகிர்ந்து இருவருமாகப் பார்த்தால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.