ஃபைட்டர் மீன்: ஜாடிக் கணக்கு

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் மளிகையோடு உபதொழிலாக ஃபைட்டர் மீன் வளர்க்க எண்ணும் வணிகர்களுக்காக எழுதுகிறோம். ஜோடியைச் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கலாம்.

இம்மீன் நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிப்பதால் ஏர் பம்ப் அவசியமில்லை. அதற்காகச் சிறு டம்ளரில் அடைப்பதை நாம் ஏற்பதில்லை. கழிவில் நீர் கெட்டு மீன் செத்தால் முதலும் போச்சு!

அகலத் தொட்டியில் அரையடி நீர் போதும். ஆண் நுரைக்கூடு கட்டிய பின் பெண்ணை விடவும். முட்டையிட்டு முடிந்த கையோடு பெண்ணை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் ஆண் கடித்துக் குதறிவிடும். முட்டைகள் ஓரிரு நாளில் பொரியும். குஞ்சுகள் தாமே நீந்தத் தொடங்கியதும் ஆணையும் அகற்றவும். முதலில் இலைச்சருகு ஊறிய நீரில் உண்டாகும் நுண்ணுயிர்களே தீனி. பிறகு ஆர்ட்டீமியா, வளர்ந்தபின் கொசுப்புழு.

ஓர் ஈட்டில் நூற்றுக்கணக்கில் குஞ்சு கிடைக்கலாம். ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் ஆண்கள் சண்டை தொடங்கும். துடுப்பு கிழிந்த மீனை யார் வாங்குவார்? நூறு ஆணுக்கு நூறு ஜாடி, நீர் மாற்ற ஆள்கூலி வேறு. பெண் மீனுக்கோ விலை குறைவு. எனவே முதல் தடவை ஒரே ஜோடி போதும். கடையில் காலியாகும் மிட்டாய் ஜாடிகளைச் சோப்பு போடாமல் கழுவி இப்போதே சேர்த்து வையுங்கள்.