பழைய உழவு இயந்திரத்துக்கு எந்த ஐதரோலிக் எண்ணெய்?

1960களிலும் 1970களிலும் தயாரிக்கப்பட்ட உழவு இயந்திரங்கள் இன்றும் எமது வயல்களில் இறங்குகின்றன. மெசி பேர்கசன் 35, 135 ஆகியவை அவற்றுள் எல்லோருக்கும் தெரிந்தவை. வயது போனாலும் இவை உழைக்கும். ஆனால் பொருந்தாத எண்ணெயைத் தாங்கமாட்டா.

இதை நாம் பட்டே அறிந்தோம். நாம் பணியாற்றிய கிராமமொன்றில் சங்கத்தின் 135 இயந்திரம், காலபோக உழவு தொடங்கும் வேளையில் கலப்பையைத் தூக்கத் தயங்கியது. எண்ணெய் குறைந்திருந்தது. கையிலிருந்த பிறேக் எண்ணெயை ஊற்ற இணங்கியவர்கள் நாமே. "இரண்டும் ஐதரோலிக்தானே" என எண்ணினோம். சில நாட்களில் இறப்பர் சீல்கள் ஊதிப் பழுதடைந்தன. திருத்தி முடிப்பதற்குள் மழை முந்திவிட்டது. சிலர் கூடிய வாடகைக்கு வெளி இயந்திரம் பிடித்தார்கள். அதற்கும் வழியில்லாத ஒரு விதவைத் தாயின் வயல் அப்போகம் தரிசாகக் கிடந்தது. ஒரு போத்தல் எண்ணெயின் விலை அதுவாக இருந்தது.

1. ஒரே எண்ணெய், பல வேலை

மெசி பேர்கசன் 35, 135 இயந்திரங்களில் கியர் பெட்டி, பின் அச்சு, ஐதரோலிக் தூக்கி ஆகிய மூன்றுக்கும் பொதுவான எண்ணெயே உண்டு. தூக்கியின் பம்பி பின்பெட்டிக்குள் அந்த எண்ணெயிலேயே அமிழ்ந்திருக்கிறது. ஆகவே எண்ணெய் பற்சக்கரங்களைத் தேய்விலிருந்து காக்கவும் வேண்டும், பம்பியினூடாக இலகுவாக ஓடவும் வேண்டும். போட்சன் மேஜர் போன்றவற்றில் ஐதரோலிக் எண்ணெய் தனி அறையில் இருக்கும். எனவே முதலில் மொடலை அறிந்து, அதற்குரிய கைநூலைப் பார்க்க வேண்டும்.

2. இலக்கங்களை வாசித்தல்

எஸ்.ஏ.ஈ. இலக்கம் எண்ணெயின் தடிப்பைக் காட்டுகிறது. கியர் எண்ணெய்க்கும் என்ஜின் எண்ணெய்க்கும் அளவுகோல் வெவ்வேறு. கியர் எண்ணெயில் 80 என்பது ஏறத்தாழ என்ஜின் எண்ணெயில் 20 அல்லது 30 இன் தடிப்பே. 90 என்பது 40 அல்லது 50 க்கு அண்மித்தது. "80 என்றால் மிகத் தடிப்பு" என்று பயப்படத் தேவையில்லை.

எண்ணெய் மிகத் தடித்தால் பம்பியால் உறிஞ்ச முடியாது; இரைச்சலும் நுரையும் வரும். மிக மெலிந்தால் சூடேறியதும் உள்ளே கசியும்; காலையில் நன்றாகத் தூக்கிய கலப்பை மதியத்தில் நடுங்கி இறங்கும்.

3. எதைத் தெரிவது?

உழவு இயந்திரங்களுக்கென்றே செய்யப்பட்ட பொது எண்ணெய், யூ.ரி.ரி.ஓ. எனக் குறிக்கப்படுவது, பெரும்பாலும் பாதுகாப்பான தெரிவு. கொள்கலனில் மெசி பேர்கசனின் எம். 1135, எம். 1143, எம். 1145 போன்ற தரக் குறியீடு உண்டா எனப் பாருங்கள். பின்வந்த மொடல்கள் சிலவற்றில் பிறேக்குகள் எண்ணெயில் தோய்ந்திருக்கும். அவற்றுக்குச் சாதாரண கியர் எண்ணெய் உதவாது; பிறேக் அதிரும், வழுக்கும்.

கைநூல் கியர் எண்ணெயைக் கூறினால் ஜீ.எல். 4 தரத்தைக் கேளுங்கள். ஜீ.எல். 5 இல் கந்தகச் சேர்க்கை கூட. பித்தளை, வெண்கலப் பாகங்களை அது அரிக்கக் கூடும். ஐ.எஸ்.ஓ. 46, 68 எனக் குறிக்கப்பட்ட தனி ஐதரோலிக் எண்ணெய் பம்பிக்கு நல்லது. பாரம் தாங்கும் பற்சக்கரங்களுக்குப் போதாது. பிறேக் எண்ணெயையும் கழிவு எண்ணெயையும் ஒருபோதும் ஊற்றக் கூடாது.

4. சேறும் நீரும்

சேற்றுழவில் தேய்ந்த சீல்களினூடாக நீர் உட்புகும். எண்ணெய் பால்போல வெளுத்தால் நீர் கலந்துள்ளது. ஐயமிருந்தால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு துளி விடுங்கள். பொரிந்து வெடித்தால் நீர் உண்டு. அதற்குமேல் புது எண்ணெய் ஊற்றுவது வீண். முழுவதையும் வடித்து, சீலைத் திருத்திய பின்பே நிரப்ப வேண்டும்.

5. மாற்றும் முறை

சிறிது நேரம் ஓட்டி எண்ணெய் சூடானதும் நிறுத்துங்கள். அடியிலுள்ள வடிகாற் செருகிகள் அனைத்தையும் கழற்றுங்கள். வடியைக் கழுவுங்கள். சமதரையில், தூக்கிக் கைகளை இறக்கிவிட்டு, அளவுகோலின் குறிவரை நிரப்புங்கள். ஊற்றிய எண்ணெயின் பெயரையும் திகதியையும் சங்கப் பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த சாரதி ஊகிக்க வேண்டியிராது. கழிவு எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் அது விரைவில் குடிநீரைச் சேரும்.

பொதுவில் வாங்கிய இயந்திரம் எல்லோருக்கும் சொந்தம் என்பதால் ஒருவருக்கும் சொந்தமில்லாததாகிவிடக் கூடாது. நல்ல கண்காணிப்பாளன் என்பவன் ஒப்படைக்கப்பட்டதைக் கணக்கோடு திருப்பிக் கொடுப்பவன். அந்தக் கணக்கு எண்ணெய்ப் போத்தலிலும் தொடங்குகிறது.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

1. எமது இயந்திரத்தின் கைநூல் யாரிடம் உள்ளது? இல்லையெனில் எவ்வாறு பெறலாம்?
2. கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது? ஊற்றியது எது?
3. உழவு நாளில் இயந்திரம் நின்றால் முதலில் பாதிக்கப்படும் குடும்பம் எது? அவர்களுக்கு நாம் என்ன ஏற்பாடு செய்துள்ளோம்?