கோமுகி அணையும் சார்பின் மதிப்பகமும்

கல்வராயன் மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, கச்சிராயபாளையத்துக்கு அருகே கோமுகி அணையில் சேர்கிறது. அணையின் முழு நீர்மட்டம் 46 அடி. மீட்டர் அளவு வந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் கள்ளக்குறிச்சிப் பக்கம் "அணையில் எத்தனை அடி தண்ணீர்?" என்றுதான் கேட்பார்கள். நாமும் அடிக் கணக்கிலேயே ஒரு பாடம் படிப்போம்.

அணைகளில் மதகைத் தரையோடு தரையாக வைப்பதில்லை; சற்று மேலே வைப்பார்கள். மதகுக்குக் கீழே நிற்கும் நீர் வாய்க்காலுக்கு வராது. இந்தச் சிறு செய்தியில்தான் இன்றைய பாடம் அடங்கியிருக்கிறது.

கணக்குக்காக ஓர் அணையைக் கற்பனை செய்துகொள்வோம். கோமுகியைப் போலவே அதன் முழு நீர்மட்டமும் 46 அடி. தரையிலிருந்து 6 அடி உயரத்தில் ஒரு சிறு குழாய் இருக்கிறது. நீர்மட்டம் x அடி என்க. அப்படியானால் குழாய்க்கு மேலே நிற்கும் நீரின் உயரம் (x − 6) அடி.

குழாயிலிருந்து நீர் எவ்வளவு வேகத்தில் பாயும்? இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை உண்டு. அந்த உயரத்திலிருந்து விழும் ஒரு கல் என்ன வேகம் பெறுமோ, அதே வேகத்தில் நீர் பாயும். உராய்வைக் கணக்கில் கொள்ளாமல், புவியீர்ப்பு முடுக்கத்தை 32 என்று எடுத்துக்கொண்டால்,

v = √(2 × 32 × (x − 6)) = 8√(x − 6) அடி/வினாடி.

x = 42 எனில் வேகம் 48. x = 22 எனில் 32. x = 6 எனில் 0; குழாய் மட்டத்தோடு நீர் நின்றுவிட்டது. x = 5 எனில்? √(−1) வருகிறது. எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண் ஆகாது. ஆகவே மெய்யெண்களில் இதற்கு விடை இல்லை. நீர் குழாய்க்குக் கீழே போய்விட்டது என்பதைச் சூத்திரம் தன் மொழியில் சொல்கிறது.

ஒரு சார்பில் x-க்குப் பதிலாக எந்த எண்களைப் போடலாமோ, அவற்றின் கணமே அதன் மதிப்பகம். சார்பகம் என்றும் சொல்வதுண்டு. 8√(x − 6) என்ற கோவையை மட்டும் பார்த்தால் மதிப்பகம் x ≥ 6. அணை 46 அடிக்கு மேல் கொள்ளாது என்பதையும் சேர்த்தால் 6 ≤ x ≤ 46. முதல் எல்லையைக் கோவை தருகிறது; இரண்டாவது எல்லையை அணை தருகிறது.

இனி பின்னத்துக்கு வருவோம். குழாய் வாயின் பரப்பு 1 சதுர அங்குலம், அதாவது 1/144 சதுர அடி. 10 கன அடித் தொட்டியை நிரப்ப எத்தனை வினாடி ஆகும்? நீர்மட்டம் இதற்கிடையே மாறவில்லை என்று கொண்டால்,

t = 10 ÷ (8√(x − 6) ÷ 144) = 180/√(x − 6).

x = 42 எனில் 30 வினாடி. x = 10 எனில் 90. x = 7 எனில் 180. x = 6.01 எனில் 1800 வினாடி, அதாவது அரை மணி நேரம்! x = 6 எனில் 180/0. எந்த எண்ணை 0-ஆல் பெருக்கினாலும் 180 வராது. எனவே விடை இல்லை. நீர் வராத குழாயால் தொட்டி எப்படி நிரம்பும்?

இங்கே மதிப்பகம் x > 6, சமக்குறி போய்விட்டது. வேகத்தைக் கேட்டால் 6-க்கு விடை உண்டு. நேரத்தைக் கேட்டால் இல்லை. வர்க்கமூலம் தனியே நின்றால் உள்ளே இருப்பது 0 ஆகலாம். பின்னத்தின் பகுதியில் நின்றால் ஆகக்கூடாது.

இரண்டும் கலந்து வந்தால் ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனியே எழுதிப் பிறகு சேருங்கள். √(x − 6)/(x − 10) என்பதில் மூலத்துக்காக x ≥ 6. பகுதிக்காக x ≠ 10. ஆகவே 6 முதல் மேலே எல்லா எண்களும், 10 நீங்கலாக.

ஓர் எச்சரிக்கை! கோவையைச் சுருக்குவதற்கு முன்பே மதிப்பகத்தைக் காணுங்கள். √(x − 2)/√(x − 6) என்பதும் √((x − 2)/(x − 6)) என்பதும் ஒன்றே என்று தோன்றும். x = −2 என்று போட்டுப் பாருங்கள். இரண்டாவதில் −4/−8 = 1/2; மூலம் கிடைக்கிறது. முதலாவதில் √(−4) வந்து வழியை அடைக்கிறது. முதலாவதன் மதிப்பகம் x > 6 மட்டுமே. இரண்டாவதற்கு x ≤ 2 என்ற பகுதியும் உண்டு. ஆகவே இவை வெவ்வேறு சார்புகள்.

நீங்களே மதிப்பகம் காணுங்கள்:

1. √(46 − x)
2. 1/√(46 − x)
3. √(x − 6) + √(46 − x)
4. 1/(√(x − 6) − 4)

விடைகள்: 1) x ≤ 46. 2) x < 46. 3) 6 ≤ x ≤ 46. 4) x ≥ 6, ஆனால் x ≠ 22.

மூன்றாவது விடையைக் கவனித்தீர்களா? நம் அணை தந்த அதே எல்லைகளை இங்கே கோவையே தந்துவிட்டது!